வெயிலில் தண்டவாளத்தைப் பிடித்துவைக்கும் ஓரத்து ஜல்லி

இந்திய அகலப்பாதையில் அந்தப் பழைய 'தடக் தடக்' சத்தம் பெரும்பாலும் போய்விட்டது. 13 மீட்டர் துண்டுகளுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளியைச் சக்கரம் கடக்கும்போது எழுந்த சத்தம் அது. இப்போது பிலாய் இரும்பு உருக்காலையிலிருந்து 260 மீட்டர் நீளத்துக்குப் பற்றவைத்தே தண்டவாளம் வருகிறது. பாதையில் போட்டபின் அவற்றையும் தெர்மிட் வெல்டிங்கால் (உருகிய இரும்பை இடைவெளியில் வார்த்துப் பற்றவைக்கும் முறை) சேர்த்து, கிலோமீட்டர் கணக்கில் ஒரே தண்டவாளமாக்கிவிடுகிறார்கள்.

வெயிலில் இரும்பு நீளுமே, அந்த நீட்சி எங்கே போகிறது? ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்தைக் கட்டில்லாமல் விட்டால், 30 டிகிரி சூடேறும்போது சுமார் 34 செ.மீ. நீளும். தண்டவாளத்தை இறுக்கும் கிளிப், அதற்கடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர், ஜல்லி மூன்றும் சேர்ந்து அதை நீளவிடாமல் பிடிப்பதால் அவ்வளவும் அழுத்தமாக உள்ளேயே தங்குகிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் டிகிரிக்கு ஏறத்தாழ 1.9 டன், 30 டிகிரிக்கு 57 டன். இது ஒரு தண்டவாளத்துக்கு மட்டும். உண்மையில் நகர்வது இரு நுனிகளிலும் உள்ள நூறு மீட்டர் அளவுப் பகுதி மட்டும்தான், அதற்காகவே அங்கே நீள இடம் தரும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் வைக்கிறார்கள்.

இத்தனை டன்னும் தேடுவது பக்கவாட்டில் ஒரு பலவீனமான இடத்தை. அந்த இடத்தைத் தராமல் காப்பது ஸ்லீப்பர் நுனிக்கு வெளியே கிடக்கும் ஜல்லி. நேர்ப்பாதையில் 350 மி.மீ., வளைவின் வெளிப்பக்கம் 500 மி.மீ. அகலம் வேண்டும். கல் 65 முதல் 20 மி.மீ. வரை, உடைத்த விளிம்போடு இருக்க வேண்டும். உருண்டைக் கல் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாது. இடுக்கில் மண்ணும் நிலக்கரித் தூளும் அடைந்தால் தண்ணீர் வடியாது, பிடிப்பும் தளரும். ஜல்லியைத் தோண்டியெடுத்துச் சலித்துப் போடும் வேலை அதற்காகத்தான். அதைத் தள்ளிப்போடுவது சிக்கனமே அல்ல.

லெவல் கிராசிங், பாலத்தை ஒட்டிய பகுதி, ஆட்களும் மாடுகளும் குறுக்கே நடக்கும் ஒற்றையடித் தடம்: ஜல்லி சரிவது இங்கெல்லாம்தான். அளவு குறைந்திருக்கிறதா என்று மார்ச்சுக்கு முன்பே பார்த்து நிரப்பிவிட வேண்டும்.

தண்டவாளம் அழுத்தமில்லாமல் இருக்கும் வெப்பநிலை ஒன்றைத் தேர்ந்து பூட்டுவது டீஸ்ட்ரெஸ்ஸிங். அந்த இடத்தின் உச்ச, தாழ்ந்த தண்டவாள வெப்பநிலைகளின் நடுமதிப்பை ஒட்டி, பெரும்பாலும் சற்று உயர்வாக அதை வைப்பார்கள். மிகவும் தாழ்ந்தால் மே மாதத்தில் நெளியும். மிகவும் உயர்ந்தால் வடக்கில் ஜனவரி விடியலில் வெல்டு விரிசல் விடும். பிளாக் (வேலைக்காக ரயிலை நிறுத்திவைக்கும் நேரம்) வாங்கி, தண்டவாளத்தை வெட்டி, கிளிப்புகளைக் கழற்றி, உருளைகள்மேல் தூக்கிவைத்து, மரச் சுத்தியலால் தட்டித் தளர்த்துவார்கள். அன்றைய சூடு தேர்ந்த வெப்பநிலையைவிடக் குறைவாக இருந்தால் டென்சர் என்ற இழுவைக் கருவியால் இழுக்க வேண்டும்: 500 மீட்டருக்கு 10 டிகிரி குறைவென்றால் 57 மி.மீ. அளவுக்கு இழுவை. பிறகு 25 மி.மீ. இடைவெளி விட்டு வெல்டிங். இரும்பை வார்க்கும் அச்சில் ஈரம் இருந்தால் வார்ப்பில் குமிழ் விழும். முன்சூடு போதாவிட்டால் விளிம்பு உருகிச் சேராது. இரண்டும் வெளியே தெரியாத குறைகள். அல்ட்ராசானிக் சோதனை முடியும்வரை அந்த வெல்டுக்கு ஜாகிள்டு பிஷ்பிளேட் (வெல்டின் புடைப்புக்கு இடம்விட்டு வளைத்த இணைப்புத் தகடு) கட்டாயம்.

பாதை நெளிவதற்கு வெயிலை மட்டும் குறை சொல்வது சரியல்ல. சூடான நேரத்தில் ஜல்லியைக் கிளறி வேலை பார்ப்பதும் பெரிய காரணம். பூட்டிய வெப்பநிலைக்கு மேல் 10 டிகிரி, கீழே 30 டிகிரி, இந்த வரம்புக்குள்தான் பாதையைத் தூக்குவதும், ஸ்லீப்பருக்கடியில் ஜல்லியை இறுக்கும் பேக்கிங்கும் செய்யலாம். கோடையில் அப்படிப்பட்ட நேரம் இரவும் அதிகாலையும்தான். ரயில் நெரிசலில் பிளாக் நண்பகலில் கிடைத்தால், அந்த நேரத்தில் இந்த வேலைகளைத் தொடவே கூடாது. நேர அட்டவணையிலேயே குளிர்ந்த வேளை பிளாக்குக்கு இடம் ஒதுக்காமல், பாதையைப் பராமரிக்கும் கேங்க்காரர்களிடம் பாதுகாப்பை மட்டும் கேட்பது நியாயமில்லை.

பூட்டிய அளவைவிட 20 டிகிரி ஏறிவிட்டால் வெயில் ரோந்து தொடங்கும். நேர்ப்பாதையில் சின்ன நெளிவு, ஸ்லீப்பர் நுனிக்கும் ஜல்லிக்கும் நடுவே புதிதாய் விழுந்த இடைவெளி, கழன்ற கிளிப் வரிசை ஆகியவற்றைக் கண்கள் தேட வேண்டும். ஐயம் வந்தால் முதல் வேலை சிவப்புக் கொடி காட்டி ரயிலை நிறுத்துவது. நிமிர்த்தும் வேலை அதற்குப் பிறகுதான்.