"செட் ஆகமாட்டார்"

நேர்காணல் அறையில் யாரும் தோல் நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை. "ஆள் நல்லவர்தான், ஆனா நம்ம டீமுக்கு செட் ஆகமாட்டார்" என்று ஒருவர் சொன்னால் போதும், மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். ஆள் எடுக்கும் வேலையில் இருக்கும் எல்லோருக்கும் பழக்கமான வாக்கியம் இது. எது செட் ஆகாது என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இன்றைய இனப்பாகுபாட்டை வசைச்சொற்களில் தேடுவதைவிட இந்தப் பதில் வராத இடத்தில் தேடுவதுதான் சரி.

ரெஸ்யூமைப் புரட்டும்போதே அது தொடங்கிவிடுகிறது. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த சுமார் 1,300 வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. லகீஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்களுக்குப் பதினைந்துக்கு ஒன்றுதான். அதைவிட வலிக்கும் விஷயம், அனுபவமும் தகுதியும் கூடிய ரெஸ்யூம் வெள்ளையர் பெயருக்கு நன்றாகவே கைகொடுத்தது. கறுப்பினப் பெயருக்கு அந்த அளவு உதவவில்லை. "நன்றாகப் படி, தானாக மதிப்பார்கள்" என்று அறிவுரை சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டுப் படிக்கலாம். ஆனால் மறைப்பவரும் தேர்ந்தெடுப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் பயனில்லை. மின்னஞ்சல் முகவரி, வீட்டு முகவரி, தாய்மொழி, சங்க உறுப்பினர் விவரம் எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அவற்றையும் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் நேர்காணல் அறையின் கதவு திறந்ததும் திரை விலகிவிடும்.

அதனால் உண்மையான வேலை மதிப்பெண் தாளில்தான் இருக்கிறது. விளம்பரம் போகும் முன்பே ஐந்தாறு கேள்விகளை முடிவு செய்து, எந்த மாதிரிப் பதிலுக்கு 1, எதற்கு 3, எதற்கு 5 என்று எழுதிவைக்க வேண்டும். எல்லோரிடமும் அதே கேள்விகள், அதே வரிசை. ஒவ்வொரு பதில் முடிந்ததும் அவரவர் தாளில் மதிப்பெண் போட வேண்டும், அதுவரை பேச்சு கூடாது. பிறகு பேசும்போது பதவியில் இளையவர் முதலில் பேச வேண்டும். மேலதிகாரி வாயைத் திறந்துவிட்டால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் எதிரொலிதான்.

இது கெட்டுப்போனால் தாளைப் பார்த்தாலே தெரியும். 4 என்று எழுதிய இடத்தில் அதை அடித்து 2. மூன்று பேரின் தாளிலும் ஒரே கூட்டுத்தொகை. குறிப்பு எழுதும் இடம் காலி. முதலில் முடிவெடுத்துவிட்டுப் பிறகு எண்களை நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். மதிப்பெண்ணை மாற்றலாம், ஆனால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு விதி வந்தாலே பாதி திருத்தங்கள் நின்றுவிடும்.

"கம்யூனிகேஷன்" என்ற கட்டத்தில் இன்னும் கவனம் தேவை. சொன்னது புரிந்ததா என்பது ஒன்று, உச்சரிப்பு நம்முடையதைப் போல இருக்கிறதா என்பது வேறு. கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் சொன்னதும் இந்த வகைதான்: எல்லோருக்கும் பொதுவான நிபந்தனையாகவே இருக்கட்டும், ஓர் இனத்தாரை அது அதிகமாக வெளியே தள்ளி, வேலைக்கும் தொடர்பில்லாமல் இருந்தால் செல்லாது.

கடைசியில் எந்தப் பிரிவில் எத்தனை பேர் தேர்வானார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1978இல் ஐந்தில் நான்கு, அதாவது 80 சதவீதம், என்றொரு கணக்கை வகுத்தார்கள். ஒரு பிரிவில் 100 பேரில் 40 பேரும் இன்னொன்றில் 100 பேரில் 24 பேரும் தேர்வானால், 24ஐ 40ஆல் வகுக்க 60 சதவீதம். 80க்குக் கீழே போனால் விசாரிக்க வேண்டும். விண்ணப்பம், முதல் பட்டியல், நேர்காணல், பணி ஆணை என ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால், ஆட்கள் எந்தப் படியில் உதிர்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்தப் படியின் தாள்களை முதலில் எடுத்துப் படியுங்கள்.