மேக்கன்: மண்மேடும் சோள ரொட்டியும்

அட்லாண்டாவிலிருந்து காரில் ஃப்ளோரிடா போகிற நம்மவர்களுக்கு மேக்கன் தெரியும், பெட்ரோல் போட நிறுத்துகிற ஊராக. ஐ-75 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் தெற்கே வந்தால் ஜார்ஜியா மாநிலத்தின் நட்டநடுவில் ஒன்றரை லட்சம் பேர் இருக்கும் ஊர், அவ்வளவுதான். நாங்கள் அங்கே இரவு தங்கியதற்கு ஒரே காரணம் ஓக்மல்கி மண்மேடுகள். மற்றதெல்லாம் கொசுறு, ஆனால் நல்ல கொசுறு.

ஊருக்குள்ளிருந்து ஆற்றைத் தாண்டியதுமே மண்மேட்டுப் பூங்கா வந்துவிடுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, மிசிசிப்பியப் பண்பாடு என்று தொல்லியலாளர்கள் சொல்லும் மக்கள், சக்கரமும் இல்லாமல் பாரம் இழுக்க மாடும் இல்லாமல், கூடை கூடையாக மண் சுமந்து கொட்டிக் கட்டிய மேடுகள் இவை. பெரிய கோயில் மேடு 55 அடி உயரம். படிக்கட்டு இருக்கிறது, ஏறலாம், ஆனால் ஜார்ஜியாவின் கோடைக் கசகசப்பில் பாதியிலேயே சட்டை நனைந்துவிடும். மேலே நின்றால் ஒரு பக்கம் ஆற்றோரக் காடு, மறுபக்கம் ஊர்க் கட்டடங்கள்.

எனக்கு மேட்டைவிடப் பிடித்தது மண் மண்டபம். குனிந்து, ஒடுங்கிய வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வட்டமான அறை, நடுவில் தீக்குழி, சுவரை ஒட்டிக் களிமண்ணில் வரிசையாக 47 இருக்கைகள், எதிரே கழுகு வடிவத்தில் ஒரு மேடை, அதில் இன்னும் 3 இருக்கைகள். கூரையும் சுவரும் 1930களில் திரும்பக் கட்டியவை. தரை மட்டும் அசல், கார்பன் கணக்குப்படி 1015-ஐ ஒட்டியது. அதாவது தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடித்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த காலத்தில், இங்கே ஐம்பது பேர் தீயைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ பேசியிருக்கிறார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று அந்த இருக்கைகளின் சின்னச் சின்னப் பள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை.

எரிச்சல் வந்த இடமும் இதே பூங்காதான். 1840களில் ரயில் பாதை போட்டபோது ஒரு மேட்டை அறுத்திருக்கிறார்கள், 1870களில் இன்னொரு பாதைக்காக, தலைவர்களைப் புதைத்த ஈமமேட்டில் பெரும்பகுதியைச் சரித்துவிட்டார்கள். பாதை இன்னும் பூங்காவின் குறுக்கே ஓடுகிறது. இந்த இடத்தைத் தங்கள் பூர்வீகமாகக் கருதும் மஸ்கோகி பழங்குடி மக்களை 1830களில் அமெரிக்க அரசு மேற்கே துரத்திவிட்டது. அவர்களுடைய அரசு இன்று இருப்பது ஓக்லஹோமாவில்.

பூங்காவின் அருங்காட்சியகக் கட்டடம் 1930களின் பாணியில் வெள்ளையாக, அழகாக இருக்கிறது. பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்களுக்கு அரசு வேலை கொடுக்கும் திட்டத்தில் நூற்றுக்கணக்கான பேரை இறக்கி இங்கே தோண்டியிருக்கிறார்கள், அதில் கிடைத்த பானைகளும் அம்புமுனைகளும்தான் உள்ளே. அப்புறம் சதுப்புநிலத்தை ஒட்டிய நடைபாதைகள். பலகைப் பாலத்தில் நடக்கும்போது ஆமைகள் தொப்பென்று தண்ணீரில் விழுகின்றன. முதலை உண்டு என்று பலகை வைத்திருக்கிறார்கள், எங்களுக்குத் தரிசனம் தரவில்லை. கொசு தந்தது.

ஊருக்குள் டப்மன் அருங்காட்சியகம் கறுப்பின மக்களின் கலைக்கும் வரலாற்றுக்கும் ஆனது. ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா வரைக்குமான கதையைச் சொல்லும் நீளமான சுவரோவியம் ஒன்று அங்கே இருக்கிறது, அதற்காகவே போகலாம். பாடகர் லிட்டில் ரிச்சர்ட் பிறந்த ஊர் இது, இன்னொரு பாடகர் ஓட்டிஸ் ரெடிங் வளர்ந்த ஊர். ஆல்மன் பிரதர்ஸ் என்ற ராக் இசைக்குழு 1970 முதல் 1973 வரை குடியிருந்த பெரிய வீடும் இப்போது அருங்காட்சியகம். கிடார் பைத்தியம் உள்ளவர்கள் அரை நாள் உட்காருவார்கள். எனக்கு ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது.

சரி, சாப்பாடு. அந்தக் குழுவின் பையன்கள் கையில் காசில்லாமல் வந்து, இரண்டு தட்டு வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளப் பார்த்தபோது, லூயிஸ் ஹட்சன் என்ற அம்மாள் எல்லோருக்கும் வயிறார போட்டாராம். அவரும் ஐனெஸ் ஹில்லும் 1959-இல் தொடங்கிய எச் அண்ட் எச் கடையின் கதை அது. பிறகு கையில் காசு வந்ததும் குழு அவரைத் தங்களோடு கச்சேரிப் பயணத்துக்கே அழைத்துக்கொண்டு போனது.

இந்தப் பக்கத்துச் சாப்பாட்டில் ஒரு இறைச்சி, மூன்று தொட்டுகை என்பது கணக்கு. சீஸில் ஊறிய மக்ரோனியும் இங்கே காய்கறி வரிசையில்தான் வரும், கேள்வி கேட்கக்கூடாது! பொரித்த கோழி மொறுமொறுப்பாக, உள்ளே சாறோடு இருந்தது. ஆனால் நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கியது வெண்டைக்காயும் காராமணியும். இரண்டுமே அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வழியாக இந்த மண்ணுக்கு வந்தவை. கூடவே சோள ரொட்டி. பூங்காவில் ஒரு மேட்டின் அடியில் ஆயிரம் வருஷத்துச் சோள வயலின் உழவுச்சால் அப்படியே புதைந்து கிடக்கிறதாம், காலையில் அதைப் படித்துவிட்டு மதியம் இந்த ரொட்டியைப் பிட்டதில் எனக்குத் தனி சந்தோஷம்.

சைவக்காரர்களுக்கு: கீரையிலும் பயறிலும் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு போட்டுத்தான் வேக வைப்பார்கள், கேட்காமல் வாங்காதீர்கள். இனிப்புத் தேநீரில் சர்க்கரை எக்கச்சக்கம், பாதிக்குப் பாதி சர்க்கரை போடாத டீ கலந்து தரச் சொன்னால் தருவார்கள். மார்ச் கடைசியில் போனால் வெயிலும் இருக்காது, ஊர் முழுக்கச் செர்ரி மரங்கள் பூத்திருக்கும், ஆனால் அப்போது திருவிழா நடப்பதால் தங்கும் அறையை முன்பே பிடித்து வைப்பது நல்லது.