பின் அறைக்கு வெள்ளையடிப்பு: ஹட்டன் நாட்குறிப்பு

பெப்ரவரி 1

பின் அறையை இந்த மாதமே முடித்தாக வேண்டும். இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கம் வெயிலை நம்பி வேலை தொடங்குவதென்றால் தை பிறந்து பங்குனி வரைதான். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் துவைத்த துணியே காயாது, சுவரா காயும்?

பழைய லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அறை, பத்துக்குப் பன்னிரண்டடி. முன்பு அடித்த எமல்ஷன் இடுப்பளவு உயரத்துக்கு அப்பளமாகப் பொரிந்து நிற்கிறது. நகம் பட்டாலே உரிகிறது, பின்னால் வெள்ளை உப்பு. ஹார்ட்வெயார் கடையில் “வோட்டர்புரூப் அடிங்க, சரியாயிரும்” என்கிறார்கள். விலையைக் கேட்டால் அந்தக் குளிரிலும் வேர்க்கிறது. இரவு ஒரு பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிட்டேன்.

பெப்ரவரி 3

பொலித்தீனின் வெளிப்பக்கம் காய்ந்திருக்கிறது, சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். வெளியே நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். இது சுவருக்குள்ளிருந்தே வருகிறது. பின்னால் போய்ப் பார்த்தால் காரணம் தெரிந்தது: மேட்டு மண் சரிந்து கானை (தண்ணீர் ஓடும் வடிகாலை) மூடி, உள்தரையை விட உயரமாகச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. இதற்கு எந்தப் பெயின்ட்டும் பதில் சொல்லாது.

பெப்ரவரி 4

சுதந்திர தின லீவு. அப்பாவும் தம்பியும் மண்ணை வெட்டி எடுத்துக் கானைத் திறந்தார்கள். நான் உள்ளே பழைய எமல்ஷனைச் சுரண்டினேன். தூசி, தும்மல், வேறென்ன.

பெப்ரவரி 8

மூலையில் இருந்த கறுப்புப் பூஞ்சணத்துக்கு ஒரு பங்கு ப்ளீச், மூன்று பங்கு தண்ணீர். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும், வேறு கிளீனர் எதையும் அதில் கலக்கவே கூடாது. அடுப்புப் பக்கத்துச் சுவரில் புகைக்கரி. சலவை சோடாத் தண்ணீரால் கழுவினேன், இல்லாவிட்டால் எதை அடித்தாலும் மஞ்சளாக மேலே வந்து நிற்கும். ஜன்னல் சட்டத்து எனாமல் நான் பிறக்கும் முன் அடித்தது. பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்பதால் நனைத்துத்தான் தேய்த்தேன்.

பெப்ரவரி 21

சுவர் ஓரளவு காய்ந்துவிட்டது. மேசன் வேலை செய்யும் மாமா வந்து தட்டிப் பார்த்தார்.

“பழைய சுண்ணாம்புப் பூச்சும்மா இது. எமல்ஷன் அடிச்சா உள்ள இருக்கிற ஈரம் வெளிய வர வழியில்லாம தள்ளிக்கிட்டு வரும். சுண்ணாம்பே அடி.”

“பழைய காலத்து வீடு மாதிரி இருக்காதா மாமா?”

“பழைய வீடுதானே!”

பெப்ரவரி 23

நேற்றிரவே ஊறவைத்த சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் உப்பு, துளி நீலம் சேர்த்தேன். கையுறை கட்டாயம், கண்ணில் தெறித்தால் ஆபத்து. சுவரில் தண்ணீர் தெளித்துவிட்டு மெல்லிசாக இழுத்தபோது ஒன்றுமே தெரியவில்லை, கலங்கல் நீர் மாதிரிதான். “இதுக்கா இவ்வளவு பாடு?” என்று தம்பி சிரித்தான். சாயங்காலம் காயக் காய வெளுத்துக்கொண்டே வந்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும், அவசரப்படுத்த முடியாது.

பெப்ரவரி 26

மூன்றாவது பூச்சோடு நிறுத்தினேன். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்க அம்மாவுக்கு ஆசை. ஒரு சாண் தள்ளித்தான் வைத்திருக்கிறேன், காற்றுப் போகாவிட்டால் பூஞ்சணம் அங்கேதான் முதலில் பிடிக்கும். ஜன்னலுக்குப் பச்சை எனாமல் வேண்டுமாம். அது அடுத்த சம்பளத்தில்.