என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு யாரை அனுப்புவது? – ஓர் எட்டாம் வகுப்பு ஆசிரியரின் அனுபவம்

மாணவர்களை என்.எம்.எம்.எஸ். (தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகை) தேர்வுக்குத் தயார்ப்படுத்தும் பொறுப்பு முதன்முதலாக என்னிடம் வந்தபோது, வகுப்பில் முதல் ஐந்து இடங்களில் இருந்தவர்களை மட்டும் விண்ணப்பிக்கச் செய்தேன். அது தவறு என்று உணர எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. இப்பொறுப்பைப் புதிதாக ஏற்கும் ஆசிரியர்களும், அரசுப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரும் அதே தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2008-இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் கீழ், அரசு, அரசு உதவி பெறும் மற்றும் உள்ளாட்சிப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள், பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருந்தால் தேர்வெழுதலாம். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் 6,695 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் பெறுகிறார்கள். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு, பட்டியலின, பழங்குடி மாணவர்களாயின் 50 விழுக்காடு மதிப்பெண் இருந்தால் போதும். அத்தகுதி உள்ள பிள்ளையை நாமாக வடிகட்டுவது நியாயமாகாது.

ரேங்க் ஏன் ஏமாற்றுகிறது என்பதை ஒரு மாணவிதான் எனக்குக் காட்டினாள். வாசிப்பதில் மிகவும் மெதுவானவள். பருவத் தேர்வுகளில் விடைகளைப் பாதியிலேயே விட்டுவிடுவாள். ஒரு நாள் கரும்பலகையில் 3, 8, 15, 24 என்று எழுதி அடுத்த எண்ணைக் கேட்டேன். முதல் ரேங்க் வாங்கும் மாணவன் வித்தியாசங்களை எழுதிப் பார்த்து 35 என்றான். அவளோ எதையும் எழுதாமல், “எல்லாமே வர்க்க எண்ணுல ஒண்ணு குறைவு சார், அடுத்தது முப்பத்தாறுல ஒண்ணு குறையும்” என்றாள். அவளை நான் பட்டியலில் சேர்த்திருக்கவே இல்லை. விண்ணப்பத்துக்கான கடைசி நாளும் அதற்குள் முடிந்திருந்தது. அந்த ஆண்டை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னால் இயலவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

அதன் பிறகு, ஜூன் மாதத்திலேயே வகுப்பு முழுவதற்கும் வாரம் இரண்டு நாள் மனத்திறன் வினாக்களைக் கொடுக்கத் தொடங்கினேன். எண் தொடர், குறியீட்டு மாற்றம், கண்ணாடிப் பிம்பம், வென்படம் ஆகியவற்றைப் பாடமாக நடத்தாமல் புதிராக முன்வைத்து, விடையைவிட அதை எப்படிக் கண்டார்கள் என்பதையே கேட்கிறேன். வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் இந்த நேரத்தில்தான் பேசுகிறார்கள்; யாருக்குக் கூடுதல் பயிற்சி தேவை என்பதும் அப்போதே தெரிந்துவிடுகிறது.

தேர்வில் மனத்திறன் தாளுக்கு 90 வினாக்கள், 90 நிமிடங்கள். படிப்பறிவுத் தாளுக்கும் அவ்வாறே. இரு தாள்களையும் சேர்த்து 40 விழுக்காடு வேண்டும் என்பதால் (பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 32), புதிரில் வல்லவர்கள் பாடத்தைக் கைவிட்டுவிடக் கூடாது. படிப்பறிவுத் தாளில் அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் தலா 35, கணிதத்துக்கு 20 வினாக்கள் என்ற கணக்கைக் கவனியுங்கள். கணித ஆசிரியரான நானே சொல்கிறேன்: சமூக அறிவியலை ஒதுக்குவதுதான் பலரைக் கீழே தள்ளுகிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆகவே எந்த வினாவையும் விடக் கூடாது. விடைக்குரிய வட்டத்தை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளின் நகலில் ஐந்து முறையாவது நிரப்பிப் பழக்குங்கள். ஒரு வட்டம் தள்ளிப்போனதால் அதன்பின் எல்லா விடைகளும் இடம் மாறிய தாளை நான் பயிற்சித் தேர்வில் பார்த்திருக்கிறேன்.

தேர்ச்சி பெற்றதும் நம் வேலை முடிந்துவிடுவதில்லை. மாணவர் பெயரிலான வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு (பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 55) பெற்றால்தான் உதவித்தொகை தொடரும். எட்டாம் வகுப்போடு எங்கள் பள்ளி முடிந்துவிடுவதால், புதிய பள்ளியில் யாரும் நினைவூட்டாமல் புதுப்பித்தல் தவறிய பிள்ளைகள் உண்டு.

தேர்ச்சி பெறாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மேல்வகுப்பில் வரும் தமிழ்நாடு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு, ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பாடங்களிலிருந்து நடத்தப்பட்டு, அரசுப் பள்ளி மாணவர்கள் 1,000 பேருக்கு இளநிலைப் பட்டம் முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் அளிக்கிறது. ஆகவே இரு தரப்பினரின் பெயர்களையும் ஒரே நோட்டில் எழுதி, யார் எந்த வகைப் புதிரை எளிதாகப் பிடிக்கிறார் என்ற குறிப்போடு, அவர்கள் சேரும் பள்ளியின் கணித ஆசிரியரிடம் ஜூன் முதல் வாரத்தில் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறேன்.