லேப்டாப்போடு வந்த டிரைவர்களை எடுத்து வைத்துவிட்டு சி டிரைவைக் காலி செய்தது

தங்கச்சி லேப்டாப்பில் சி டிரைவ் சிவப்பாகி மாதக்கணக்கில் ஆகிவிட்டது. 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் கணக்கில் 238. அதையும் வாங்கும்போதே கடையில் சி-க்கு 100, மிச்சம் டி-க்கு என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். டி முக்கால்வாசி காலியாகக் கிடக்கிறது, சி-யில் ஒரு அப்டேட் இறங்க இடமில்லை.

இடத்தை எது பிடித்திருக்கிறது என்று பார்த்தால், சி-யைத் திறந்ததும் டிரைவர்களின் (சவுண்டு, வைஃபை மாதிரி பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் சாப்ட்வேர்) செட்டப்புகள் நிறைந்த ஒரு போல்டர் நிற்கும். எச்பியில் எஸ்டபிள்யூசெட்டப், டெல்லில் டெல் என்றே, லெனோவோவில் டிரைவர்ஸ் என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். இதைத் தொட்டால் சவுண்டு போய்விடும், வைஃபை போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. அதில் இருப்பது இன்ஸ்டால் செய்யும் பொட்டலங்கள்தான். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர்களின் பிரதி விண்டோஸுக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் பைல்ரெப்பாசிட்டரி என்ற இடத்தில் இருக்கிறது. இடம் வேண்டும் என்று அதற்குள் போய்க் கையால் அழிப்பவர்களும் இருக்கிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள்.

எதையும் அழிப்பதற்கு முன்னால் டிரைவர்களைப் பிரதி எடுத்து வைக்க நினைத்தேன். டிரைவர்தானே, வேண்டும்போது கம்பெனி தளத்தில் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எடுக்கலாம். ஆனால் ஒரே மாடலை இரண்டு மூன்று விதமான வைஃபை கார்டு போட்டு விற்பார்கள், அந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் டிரைவர் வரிசையாக இருக்கும், நம் பெட்டிக்குள் எது இருக்கிறது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் வைஃபை டிரைவரே இல்லாத நேரத்தில்.

எடுத்து வைப்பது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். தனி சாப்ட்வேர் எதுவும் வேண்டாம். எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்கில் ஒரு வெற்று போல்டர் உருவாக்கிக்கொண்டு, கட்டளைகளை டைப் செய்யும் பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, எக்ஸ்போர்ட்-விண்டோஸ்டிரைவர் என்ற கட்டளையோடு ஆன்லைன், டெஸ்டினேஷன் என்ற இரண்டையும் சேர்த்து அந்தப் போல்டரின் பாதையைக் கொடுத்தேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது உண்டு. டிஐஎஸ்எம், பிஎன்பியூட்டில் என்ற கருவிகளாலும் இதே வேலையைச் செய்யலாம். மைக்ரோசாப்ட் தானே விண்டோஸோடு தருவதை விட்டுவிட்டு, மற்றவர்கள் தந்த டிரைவர்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தனித்தனி போல்டரில் போட்டுவிடும்.

போல்டர் பெயர்களைப் பார்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. உள்ளே டிரைவரின் விவரம் இருக்கும் ஐஎன்எஃப் பைலை நோட்பேடில் திறந்து, மேலே க்ளாஸ் என்ற வரியைப் பாருங்கள். நெட் என்றால் நெட்வொர்க், டிஸ்ப்ளே என்றால் கிராபிக்ஸ், மீடியா என்றால் சவுண்டு. வைஃபைக்கு மட்டும் இன்னும் ஒரு படி போனேன்: டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் அடையாளக் குறியீடான ஹார்ட்வேர் ஐடியை எடுத்து ஐஎன்எஃப்-க்குள் தேடினேன், இருந்தது. அதற்கு அப்புறம்தான் அழிக்கும் வேலையைத் தொட்டேன்.

இந்த எக்ஸ்போர்ட்டில் வராதவையும் உண்டு. பிரைட்னஸ், மைக் மியூட் மாதிரி பொத்தான்களுக்காகக் கம்பெனி தரும் யுட்டிலிட்டி, சவுண்டுக்கான கன்ட்ரோல் பேனல் போன்றவை டிரைவர் கிடையாது, தனி அப்ளிகேஷன்கள். அதனால் முதலில் சொன்ன செட்டப் போல்டரையும் அப்படியே ஹார்ட்டிஸ்குக்கு நகர்த்திவிட்டேன். டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கருக்கான ரெக்கவரி கீயையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நிறைய லேப்டாப்பில் நமக்கே தெரியாமல் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கும்.

சுத்தம் செய்ததில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் பைல்களையும் சேர்த்து ஓடவிட்டேன். அதில் டிவைஸ் டிரைவர் பேக்கேஜஸ் என்று ஒன்று வரும், டிரைவர்களின் பழைய வெர்ஷன்களை நீக்குவது. பேக்கப் கையில் இருந்ததால் தைரியமாக டிக் செய்தேன். ராமில் இருப்பதை டிஸ்கில் சேமித்துவிட்டு லேப்டாப்பை அணைக்கும் ஹைபர்னேஷன் வசதியை நிறுத்தியதில் 8 ஜிபி ராமுக்கு 3 ஜிபி சொச்சம் கிடைத்தது. பாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் கூடவே போகும், எஸ்எஸ்டியில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

ஆனாலும் 100 ஜிபி 100 ஜிபிதானே. டி-யை அழித்து சி-யோடு சேர்த்துவிடலாம் என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாக இருக்கிறது, அழுத்தவே முடியாது. சி-க்கும் டி-க்கும் நடுவில் விண்டோஸின் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் டி-யை அழித்தாலும் இப்படித்தான். சரி, படம், பாட்டு, பைல் எல்லாம் ஹார்ட்டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது, டிரைவரும் இருக்கிறது, புதிதாகவே விண்டோஸ் போட்டுவிடுவோம் என்று இறங்கினேன். விண்டோஸ் செட்டப் ஓடும்போது டச்பேட் வேலை செய்யாமல் போகலாம், ஒரு யுஎஸ்பி மவுஸ் பக்கத்தில் இருக்கட்டும்.

விண்டோஸ் செட்டப் இருக்கும் பென்டிரைவில் பூட் செய்து, எந்த டிஸ்கில் போடுவது என்று கேட்கும் திரைக்கு வந்தால் பட்டியல் வெறுமையாக இருந்தது. எஸ்எஸ்டியே இல்லை என்கிறது. இன்டெல் 11வது தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் விஎம்டி என்ற ஏற்பாடு ஆன் ஆகியே வருகிறது, அதற்கான ஸ்டோரேஜ் டிரைவரைக் காட்டாவிட்டால் செட்டப்புக்கு டிஸ்க் கண்ணில் படாது. விவரம் தெரியாதவர்கள் எஸ்எஸ்டி போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இந்த இடத்தில்தான். கம்பெனி தளத்தில் இந்த டிரைவர் பெரும்பாலும் ஒற்றை எக்ஸ்இ பைலாகக் கிடைக்கும், செட்டப் திரையில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நாம் எக்ஸ்போர்ட் செய்ததோ ஏற்கெனவே பிரித்த நிலையில் ஐஎன்எஃப்-ஆக இருக்கிறது. லோடு டிரைவரை அழுத்தி, ஐஏஸ்டோர் என்று ஆரம்பிக்கும் போல்டரைக் காட்டினேன், எஸ்எஸ்டி வந்துவிட்டது. சி, டி, நடுவில் இருந்த ரெக்கவரி மூன்றையும் நீக்கி ஒன்றாக்கினேன். செட்டப்பே புதிய ரெக்கவரியை உருவாக்கிக்கொள்கிறது. கடைசியில் இருந்த கம்பெனியின் பார்ட்டிஷனைத் தொடவில்லை.

டெஸ்க்டாப் வந்ததும் வைஃபை இல்லை, டிவைஸ் மேனேஜர் முழுக்க மஞ்சள் முக்கோணம். பிஎன்பியூட்டிலில் ஆட்-டிரைவர் கட்டளைக்கு பேக்கப் போல்டரின் பாதையைக் கொடுத்து, சப்டைர்ஸ், இன்ஸ்டால் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் தானே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகிறது, ஒரு ரீஸ்டார்ட்டில் முக்கோணங்கள் எல்லாம் போயின. விண்டோஸ் கீ பயாஸிலேயே இருப்பதால் நெட் கிடைத்ததும் ஆக்டிவேஷனும் தானாக முடிந்தது. மைக் மியூட் பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை, அதற்கு நகர்த்தி வைத்த செட்டப் போல்டரிலிருந்து யுட்டிலிட்டியை இன்ஸ்டால் செய்தேன்.