ராட்சத எறும்புக் குடியோடு என் முதல் ஆண்டு

போர்னியோ, சுமத்ரா, மலேசிய மழைக்காடுகளில் வாழும் டைனோமிர்மெக்ஸ் ஜிகாஸ், உலகின் மிகப் பெரிய எறும்புகளில் ஒன்று. வேலைக்கார எறும்பே 2 செ.மீ. இருக்கும். பெருந்தலைக் காவல் எறும்பு 28 மி.மீ., ராணி 3 செ.மீ.க்குச் சற்று மேல். அயல்நாட்டு எறும்பை வளர்க்கப் பல நாடுகளில் தடை உண்டு என்பதால், அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே நான் ராணியை வரவழைத்தேன். அந்த வேலையை யாரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

ராணி குடியேறியது ஓர் அகலமான சோதனைக்குழாயில். அடியில் தண்ணீர், அதை மறித்துப் பஞ்சு, வாயிலும் பஞ்சு. குழாயை இருட்டான அலமாரியில் 26 டிகிரி வெப்பத்தில் வைத்தேன். அதிர்வு கூடவே கூடாது. இந்த இனம் மிரண்டால் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். மூடிய குழாய்க்குள் அந்த ஆவி ராணிக்கே எமனாகிவிடும். எறும்புகளுக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது. அதனால் குழாயைச் சுற்றிச் சிவப்புத் தாள் ஒட்டி, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எட்டிப் பார்த்தேன்.

பொறுமைக்குச் சோதனை அதன் பிறகுதான். சிறிய இனங்கள் சில வாரங்களிலேயே பெருகிவிடும். இங்கே முட்டை புழுவாகி, புழு கூடு கட்டி, எறும்பாக வெளிவர மாதக்கணக்கில் ஆகிறது. ராணி நலமாக இருக்கிறாளா என்ற கவலை ஓயவே இல்லை.

புழுக்கள் பருத்ததும் ஒரு சிட்டிகை நுண்மணலைக் குழாய்க்குள் தூவினேன். வழுவழுப்பான கண்ணாடியில் புழுவால் பட்டிழையைப் பற்றவைத்துக் கூடு பின்ன முடியாது. மணல் துணுக்கு பிடிமானம் தரும். ராணி அந்த மணலைக் கவ்வி வந்து புழுவின்மேல் போர்த்தினாள். சில நாட்களில் வெளிர்பழுப்புக் கூடு ஒன்று தெரிந்தது. பிறகு அதன் ஒரு முனையில் மிளகளவுகூட இல்லாத கரும்புள்ளி. புழு தன் வயிற்றுக் கழிவை ஒரேயடியாக வெளியேற்றிவிட்டதற்கான அடையாளம் அது. உள்ளே உயிர் சரியாக வளர்கிறது என்று எனக்கு நம்பிக்கை வந்தது அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான். முதல் எறும்பு வெளிவரும்போது கூட்டைக் கடித்துத் திறந்துவிட்டவள் ராணியே. குஞ்சு வெளிறிப்போய், கால்களை மடக்கியபடி வந்தது. உடல் கருக்க நாட்கள் பிடித்தன.

காட்டில் இவற்றின் உணவில் பெரும்பகுதி, செடிச்சாறு உறிஞ்சும் பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீர். எனவே சர்க்கரைக் கரைசலை எப்போதும் வைத்திருக்கிறேன். பூச்சி இறைச்சி, புழுக்கள் இருக்கும்போது சிறு துண்டு மட்டும். மிச்சத்தை மறுநாளே எடுத்துவிட வேண்டும். ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் பூஞ்சைக்கு அவகாசம் தேவையில்லை. இரவில் நடமாடும் இனம் இது. இரை வைக்க மாலைதான் ஏற்ற நேரம்.

பெரிய கூடு வாங்கும் ஆசையை நான் அடக்கியே வைத்திருக்கிறேன். ஒரு சில எறும்புகளுக்கு அகன்ற இடம் கொடுத்தால் ஒரு மூலையைக் குப்பைமேடாக்கிவிடும், ஈரத்தையும் காக்க முடியாது. ஆண்டு முடிந்தும் இவற்றைக் கைவிரல்களிலேயே எண்ணிவிடலாம். காவல் எறும்பு இன்னும் பிறக்கவில்லை. குழாய் நெருக்கடியாகும்போது அடுத்த கூட்டை அருகில் இணைத்து வைப்பேன். எப்போது குடிபெயர்வது என்பதை அவையே முடிவு செய்யட்டும்.