மல்லிக்கு ஏப்ரலில் இடமாற்றம்

“என்னடி இது, இலையா வளர்த்து வச்சிருக்கே? ஆடு ஏதும் வாங்கப் போறியா?”

2023 ஜூன் மாதம், வீடியோ காலில் என் மல்லிச் செடியைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டது இது. அம்மா திண்டுக்கல் பக்கம், நிலக்கோட்டைக்காரி. விடிவதற்கு முன்னால் மொட்டு பறித்து, எடை போட்டு, சந்தைக்கு அனுப்பிய வீட்டில் வளர்ந்தவள். ஆனி மாதத்தில் பூக்காத மல்லி என்றால் அவளுக்குக் கன்று போட்டும் கறக்காத மாடு மாதிரி. நானும் செடிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மண்புழு உரம், வெங்காயத்தோல் ஊறிய தண்ணீர், காய்ந்த டீத்தூள் என்று யூட்யூபில் யார் யார் என்னென்ன சொன்னார்களோ அத்தனையும் போட்டாயிற்று. மூன்றடி உயரத்துக்குக் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கிறது, ஒரு மொட்டு கிடையாது.

நாங்கள் இருப்பது பெங்களூரு சி.வி.ராமன் நகரில், இரண்டாவது மாடி. தெற்குப் பார்த்த பால்கனி, 12 அடி நீளம், 4 அடி அகலம், வெளியே கம்பி கிரில். டிசம்பரில் வீடு பார்க்க வந்தபோது மத்தியான வெயில் பால்கனியைத் தாண்டி ஹாலுக்குள் மூன்றடி வந்து தரையில் கிடந்தது, அதில் மயங்கித்தான் சமையலறை சின்னதாக இருந்தும் அட்வான்ஸ் கொடுத்தோம். ஜனவரியில் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போய், கண்ணாடி மாளிகைக்குள் கூட்டத்தில் நசுங்கி, வெளியே வந்த சூட்டோடு ஒரு நர்சரியில் ஏழு செடி வாங்கினேன். மல்லி, ரோஜா, செம்பருத்தி, புதினா, பெரணி, கறிவேப்பிலை, அப்புறம் இன்றுவரை பேர் தெரியாத ஒரு சிவப்பு இலைச் செடி. மார்ச்சில் மல்லி ஒரு கைப்பிடி பூத்தது. அதோடு சரி.

அம்மா ஃபோனை வைத்த பிறகு பால்கனியில் போய் நின்று பார்த்தேன். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, ஆனால் தரையில் ஒரு பொட்டு வெயில் இல்லை. அப்போதுதான் கொஞ்சம் உறைத்தது.

பெங்களூரு கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. சூரியன் வடக்கே நகர்ந்து நகர்ந்து ஏப்ரல் 24, 25 வாக்கில் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது, அதோடு நிற்காமல் இன்னும் வடக்கே போய், திரும்பி வரும் வழியில் ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை தலைக்கு மேலே வருகிறது. பள்ளிக்கூடங்களில் குச்சி நட்டு, நிழலில்லா நாள் என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்களே, அந்த நாட்கள்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நான்கு மாதம் சூரியன் வீட்டுக்கு வடக்குப் பக்கமாகவே போய்விடுகிறது, தெற்கு பால்கனியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மல்லிக்கோ தினமும் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும், அதுவும் சரியாக இந்த மாதங்களில். உத்தராயணம், தட்சிணாயனம் என்பதையெல்லாம் பொங்கல், ஆடி என்று பண்டிகைக் கணக்கில் மட்டும் தெரிந்து வைத்திருந்தேன். அது என் பால்கனித் தரையில் நடக்கிற விஷயம் என்று 34 வயதில்தான் புரிந்தது.

அன்றிலிருந்து சாக்பீஸ். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடு மத்தியானம், வெயில் எங்கே முடிகிறதோ அங்கே தரையில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. “கோலம் போடத் தெரியாதவங்க கோடு போடுவாங்க போல” என்றார் என் கணவர். ஜூனிலும் ஜூலையிலும் கோடே இல்லை. ஆகஸ்ட் கடைசியில் கிரில் ஓரமாக ஒரு சாண். செப்டம்பர் மூன்றாவது வாரம் இரண்டடிக்குக் கொஞ்சம் மேலே. தீபாவளி வாக்கில் வாசற்படியைத் தாண்டிவிட்டது, டிசம்பரில் பழையபடி ஹாலுக்குள் மூன்றடி. நான் எந்த வெயிலைப் பார்த்து மயங்கினேனோ, அது வருஷத்தின் உச்ச வெயில் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதே சமயம் சமையலறைக்குப் பின்னால் வடக்குப் பார்த்த யுடிலிட்டி ஒன்று இருக்கிறது. வாஷிங் மெஷின், துடைப்பம், காலி சிலிண்டர் எல்லாம் வாழும் இடம். ஜூன் மாதக் காலை எட்டு மணிக்கு அங்கே மெஷின் மூடி மேல் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. செடிக்கு வேண்டியதை இத்தனை நாளும் துணி துவைக்கிற மெஷினுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் இப்போது எங்கள் வீட்டில் மல்லிக்கு அரசு ஊழியர் மாதிரி வருஷா வருஷம் இடமாற்றம். ஏப்ரல் இரண்டாம் வாரம் யுடிலிட்டிக்கு, செப்டம்பரில் திரும்ப பால்கனிக்கு. சக்கரம் வைத்த ஸ்டாண்டு ஒன்று வாங்கியிருக்கிறேன், ஆனாலும் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற வாசற்படியில் இரண்டு பேர் சேர்ந்து தூக்கித்தான் ஆக வேண்டும். ஈர மண்ணோடு ஒரு 12 அங்குலத் தொட்டி சாதாரணமாக 25 கிலோவுக்குக் கிட்டே வரும். அன்றைக்கு மட்டும் கணவர் செடி வளர்ப்பைப் பற்றி நிறையக் கருத்து சொல்வார்.

ரோஜா மே மாதமே போய்விட்டது. செத்த செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்தபோது பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான் போட்ட கோகோபிட் (தேங்காய் நார்த்தூள்) கலந்த மண் சொதசொதவென்று ஈரமாக இருக்கிறது, நடுவில் நர்சரிப் பையோடு வந்த செம்மண் உருண்டை கிரிக்கெட் பந்து மாதிரி இறுகிப்போய் உள்ளே துளி ஈரமில்லாமல் காய்ந்து கிடக்கிறது. ஊற்றின தண்ணீரெல்லாம் உருண்டையைச் சுற்றிக்கொண்டு கீழே ஓடியிருக்கிறது. வேர் முழுக்க அந்த உருண்டைக்குள்ளேயேதான். அதற்குப் பிறகு எந்தச் செடி வாங்கினாலும் பையோடு பத்து நிமிஷம் ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வெளி மண்ணை விரலால் மெதுவாக உதிர்த்து, வேர் நுனி வெளியே தெரிகிற மாதிரி வைத்துத்தான் நடுகிறேன். இன்னொன்று, நர்சரியில் பச்சை வலைக்குக் கீழே பாதி வெயிலில், தினம் தண்ணீரில் வளர்ந்த செடியைக் கொண்டு வந்த அன்றே முழு வெயிலில் வைத்தால் இலை கருகும். ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும். பூத்துக் குலுங்குகிற செடியை வாங்காதீர்கள். பக்கத்தில் சின்னதாக, பூவில்லாமல், கிளை பிரிந்து நிற்கும் பாருங்கள், அதை எடுங்கள், விலையும் குறைவு. இலையைத் திருப்பிப் பார்க்கவும் மறக்காதீர்கள். என் செம்பருத்தி மாவுப்பூச்சியை நர்சரியிலிருந்தே கூட்டி வந்தது, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்பு என்று வாரா வாரம் சாயங்காலம் அடித்து அடித்துத்தான் பிழைத்தது.

சரி, மல்லி நாலைந்து மாதம் யுடிலிட்டிக்குப் போய்விட்டால் பால்கனியில் என்ன வைப்பது?

இதற்கு எனக்கு வழி காட்டியது பெங்களூரு ரோடுதான். 1908இல் லால்பாக் பொறுப்புக்கு வந்த கிரும்பிகல் என்ற ஜெர்மன்காரர், தெருவில் நடுகிற மரங்களை ஒன்று பூத்து முடிக்கும்போது இன்னொன்று தொடங்குகிற மாதிரி தேர்ந்தெடுக்க வேண்டும் என்று திட்டம் போட்டவர். அந்த வழக்கத்தில்தான் இந்த ஊரில் ஜனவரி, பிப்ரவரியில் ரோஸ் நிற டபேபுயா, அதை அடுத்து ஊதா ஜக்கரண்டா, ஏப்ரல், மேயில் குல்மொஹர் என்று மாறி மாறி வருகிறது. ஊருக்கே அப்படிச் செய்ய முடியுமென்றால் 48 சதுர அடிக்கு ஏன் முடியாது என்று தோன்றியது.

வெயில் இல்லாத மாதங்களுக்கு பிரம்ம கமலம். இமயமலையில் வளர்கிற நிஜ பிரம்ம கமலம் வேறு, இது கள்ளி இனம், நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். நேர் வெயில் பட்டால் இலை மஞ்சளாகும், வெளிச்சமான நிழல்தான் அதற்குச் சொர்க்கம், அதாவது என் பால்கனியின் ஜூன் மாதம். ஒரு இலையை வெட்டி இரண்டு நாள் காயவிட்டு மண்ணில் செருகினால் போதும், ஆனால் பூப்பதற்கு இரண்டு மூன்று வருஷம்கூட ஆகும். எனக்குக் கீழ்வீட்டு அஜ்ஜி (பாட்டிக்குக் கன்னடத்தில் அப்படி) வளர்ந்த செடியாகவே கொடுத்ததால் மறு வருஷம் ஜூலையில் ராத்திரி பத்து மணிக்கு நாலு பூ விரிந்தது, மொத்த மாடிக்கும் மணம், காலையில் கோழிக்கழுத்து மாதிரி தொங்கிவிட்டது. டிசம்பர் பூவும் அஜ்ஜி கொடுத்த குச்சிதான். நவம்பர் தொடங்கி தை வரை பூக்கும், அந்த மாதங்களில்தான் பால்கனியிலும் வெயில் இருக்கிறது. கனகாம்பரம் அரை நிழலில் வருஷம் முழுக்க ஏதோ கொஞ்சம் பூத்துக்கொண்டே இருக்கும். கன்னடத்திலும் அதற்கு அதே பேர், கனகாம்பர.

அஜ்ஜியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நட்பு தொடங்கியதே சண்டையில்தான். ஆரம்பத்தில் நான் தொட்டிகளைக் கிரில் வெளிப்பக்கம் தொங்கவிட்டு ஊற்று ஊற்று என்று ஊற்றினேன், சொட்டினதெல்லாம் அவர் காயப்போட்ட வெள்ளை வேட்டி மேல் செம்மண் புள்ளியாக. மேலே ஏறி வந்து சிரிக்காமல் கேட்டார்: “ஏனம்மா, நிம்ம மனேலி மளெ பர்த்தா இதியா?” உங்கள் வீட்டில் மழை பெய்கிறதா என்று. எல்லாத் தொட்டியையும் உள்ளே எடுத்து, கீழே தட்டு வைத்தேன். தட்டில் தண்ணீர் நின்றால் டெங்கு கொசு முட்டையிடும் என்பதால் அதில் தேங்காய் நாரை நிரப்பியிருக்கிறேன், நார் குடித்துக்கொள்ளும், நாலு நாளைக்கு ஒரு தடவை தட்டைக் கொட்டிவிடுவேன்.

அடுக்குகிற விஷயத்தில் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சாக்பீஸ் கோடுதான் அடுக்கியது. கோட்டுக்கு வெளிப்பக்கம் வெயில் கேட்கிறவை, உள்பக்கம் கேட்காதவை, கனமானது சுவர் ஓரம், நடுவில் ஒன்றரை அடி துணி காயப்போட நடக்க. உயரமானது பின்னால் கிரில் ஓரம், குட்டையானது முன்னால் என்று படத்தில் காட்டுவதைச் செய்தால் குட்டைச் செடிக்குப் போக வேண்டிய வெயிலை உயரமான செடி சாப்பிட்டுவிடுகிறது. ஹாலுக்குள் மணி பிளான்ட்டும் பாம்புக் கற்றாழையும் போதும். டம்ப் கேன் என்கிற பெரிய புள்ளி இலைச் செடி குழந்தைகள் வருகிற வீட்டில் வேண்டாம், அதன் இலையைக் கடித்தால் ஊசி ஊசியான ஆக்சலேட் படிகம் வாயைக் குத்தி நாக்கு வீங்கிவிடும். தூக்கவே முடியாத கறிவேப்பிலைத் தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விட்டது. அங்கே பறவை எச்சம் மாதிரி ஒன்று இலையில் ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள், கொஞ்சம் உற்றுப் பாருங்கள், நகரும். வண்ணத்துப்பூச்சிப் புழு. ஒரு கிளையை அதற்கு விட்டுவிடுகிறேன், மீதி நாலு வீட்டு ரசத்துக்கும் போகிறது.

2024 மார்ச் மாதத் தண்ணீர்ப் பஞ்சத்தில்தான் எது தேறும், எது தேறாது என்று தெரிந்தது. செடிக்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் வீட்டில் குடிக்கவே டேங்கர். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவின தண்ணீர் மட்டும்தான் செடிக்கு, அதையும் மக் கணக்கில். ஆர்ஓ மெஷின் வெளியேற்றுகிற தண்ணீரை இரண்டு வாரம் ஊற்றிப் பார்த்தேன், தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன், அது தரை துடைக்கத்தான் லாயக்கு. பெரணி பத்து நாளில் காகிதமானது, புதினா அதற்கு முன்னாலேயே. கற்பூரவல்லி, பிரண்டை, கற்றாழை மூன்றும் ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றன. பெரணியைத் திரும்ப வாங்கவில்லை. அழகுதான், ஆனால் சரியான தண்ணீர்க் குடம்.

மல்லிக்கு வருகிறேன். அம்மா ஃபோனிலேயே உத்தரவு போட்டாள், திருக்கார்த்திகை முடிந்த கையோடு வெட்டு என்று. நிலக்கோட்டைத் தோட்டத்திலும் நவம்பர் கடைசியில்தான் வெட்டுவார்கள், தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு. நான் கத்தரியை வைத்துக்கொண்டு நுனி நுனியாகக் கிள்ளியதைப் பார்த்து, “முடி வெட்டுற மாதிரி வெட்டாதே, மொட்டை போடு” என்று திட்டினாள். போட்டேன். பத்து நாள் தண்ணீரைக் குறைத்து, இருந்த இலையை உருவி, மார்கழி வெயிலில் பால்கனியில் வெறும் குச்சியாக நின்றதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. தை பிறந்ததும் கணுவுக்குக் கணு தளிர். ஏப்ரலில் வாஷிங் மெஷின் பக்கத்தில் இடம் மாற்றி வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை யுடிலிட்டியில் நின்று எண்ணினேன், 23 மொட்டு. ஒரு தட்டில் பரப்பிப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, ரொம்ப நேரம் பதிலில்லை, அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ்.

“ஒரு முழத்துக்குக்கூடப் பத்தாதேடி. சரி சரி, சாமிக்கு வை.”